பக்கத்து வீட்டுக் குழந்தை

1828ஆம் ஆண்டு. வங்காளத்தின் பீர்சிங்கா கிராமத்திலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையுடன் கல்கத்தா நோக்கி நடந்து சென்றான். வழியில் நடப்பட்டிருந்த கல்லைக் கண்டு, அம்மிக்கல்லை ஏன் சாலையோரத்தில் நட்டிருக்கிறார்கள் என்று கேட்டான். தந்தை சிரித்தவாறே, அது மைல்கல் என்றும் அதில் ஆங்கில எண் பொறிக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கினார். 19 என்ற எண்ணில் தொடங்கி, கல்லுக்குக் கல் குறைந்துவந்த எண்களைச் சிறுவன் நடந்தபடியே கற்றுக்கொண்டான். அவனைச் சோதிக்க விரும்பிய தந்தை, ஆறாம் எண் கல்லை அவன் காணாதவாறு கடந்துவிட்டு, அடுத்த கல்லைக் காட்டிக் கேட்டார். அங்கே ஆறு இருக்க வேண்டும், தவறுதலாக ஐந்து என்று செதுக்கிவிட்டார்கள் என்றான் சிறுவன்!

அச்சிறுவனே ஈசுவர சந்திர வித்யாசாகர் (1820–1891).

எழுத்தும் அன்பும்

கல்கத்தாவில் தந்தையும் மகனும் தங்கியது, படாபஜார் பகுதியில் வேறொரு குடும்பத்தாரின் வீட்டில். தாயையும் பாட்டியையும் பிரிந்து ஏங்கிய சிறுவனை அவ்வீட்டுப் பெண்மணி ராய்மணி அரவணைத்தார். அவர் ஒரு விதவை. அவருக்கும் அதே வயதில் கோபால் என்ற மகன் இருந்தான். தம் மகனிடமும் அயலார் மகனிடமும் அவர் காட்டிய அன்பில் எள்ளளவும் வேற்றுமை இருந்ததில்லை என்று முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் வித்யாசாகர் நன்றியுடன் நினைவுகூர்கிறார்.

ராய்மணி அவருக்குப் பாடம் கற்பிக்கவில்லை. ஆனால் கற்பதற்கு வேண்டிய மன அமைதியை அளித்தார். ஏங்கும் மனத்தில் எழுத்து பதிவதில்லை. கற்பிக்கும் ஒருவரும் அரவணைக்கும் ஒருவரும் அமைந்த குழந்தை பேறு பெற்றது.

தாம் பெற்றதை வித்யாசாகர் பன்மடங்காகத் திருப்பித் தந்தார். 1855இல் அவர் எழுதிய 'வர்ண பரிசய' என்ற சிறுநூல், வங்காளக் குழந்தைகள் பல தலைமுறைகளாக எழுத்தறிந்த நூல். வழக்கொழிந்த எழுத்துகளை நீக்கி, எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்திற்கும் குழந்தையை அது படிப்படியாக அழைத்துச் செல்கிறது. வடமொழிக் கடலைக் கடந்த பண்டிதர், குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து எழுதிய நூல் அது.

கொடுப்பவர் குனிய வேண்டும்

பிற்காலத்தில் அவர் இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள கர்மாடாரில், சந்தால் பழங்குடியினரிடையே வாழ்ந்தார். அவர்களுக்கு ஹோமியோபதி மருந்தளித்தார், பள்ளி நடத்தினார். அங்கு அவரைக் காணச் சென்ற அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரி ஒரு காட்சியைப் பதிவு செய்துள்ளார். காலையில் சந்தால்கள் மக்காச்சோளக் கதிர்களை விற்க வந்தனர். அவர்கள் கேட்ட விலைக்கே வித்யாசாகர் அனைத்தையும் வாங்கி அடுக்கி வைத்தார். பின்னர், பசிக்கிறது என்று வந்த சந்தால்களுக்கு அக்கதிர்களையே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டிச் சுட்டு உண்டனர்.

விற்க வந்தவரை அவர் இரப்பவராக்கவில்லை. அவர்தம் உழைப்புக்கு உரிய விலை தந்தார். பசித்து வந்தவரிடம் காரணம் கேட்கவில்லை. பெறுபவரின் மானத்தைக் காப்பதே சேவையின் உயிர்.

வாசற்படியில் தொடங்கும் சேவை

சேவை என்றதும் வெள்ளமும் பஞ்சமும் பலர் நினைவுக்கு வருகின்றன. அடுத்த வீட்டின் நிலை நினைவுக்கு வருவதில்லை. வேலைக்குச் சென்ற தாய் இருட்டிய பிறகே திரும்புகிறாள். குழந்தை படியில் அமர்ந்து காத்திருக்கிறது. அக்குழந்தையை உள்ளே அழைத்து, தம் குழந்தையின் அருகே அமர்த்தி, அரைமணி நேரம் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுவதற்குப் பொருட்செலவு இல்லை. தாயின் கவலை குறைகிறது. குழந்தையின் அறிவு மலர்கிறது.

ஆனால் இந்த எளிய பணியிலும் இடறும் இடங்கள் உண்டு. 'என் மகன் இதற்குள் படித்துவிட்டான், நீ இன்னும் எழுத்துக் கூட்டுகிறாயே' என்ற ஒரு சொல் போதும். மறுநாள் அக்குழந்தை வராது. தவறாகப் படித்த சொல்லை உடனே திருத்தாமல், வாக்கியம் முடியும் வரை பொறுத்து, அதை ஒருமுறை சரியாகப் படித்துக் காட்டினால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். அதன் தாய் நன்றியுடன் ஒரு கைப்பிடி கீரையோ நாலு எலுமிச்சையோ கொண்டுவந்தால், மறுக்காமல் பெற்றுக்கொள்வதே மரியாதை. கொடுக்க மட்டுமே தெரிந்த கையில் அகந்தை எளிதில் வந்து அமரும். பெற்றுக்கொள்ளவும் தெரிந்த கையே அயலாரை உறவினராக்கும்.

ராய்மணி தாம் தேசத்திற்கு ஓர் அறிஞரை வளர்ப்பதாக எண்ணியிருக்க முடியாது. அவர் கண்டது, தாயைப் பிரிந்து வாடிய ஒரு குழந்தையை மட்டுமே. பலனை எண்ணாத கர்மம் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சாதனைக்கு: இந்த மாதம் தினமும் அரைமணி நேரத்தை, தம் வீட்டுக் குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து ஒதுக்கி, ஒரே புத்தகத்தை இருவருக்கும் நடுவே வைத்துப் படிப்பது.