காலை வாரினாரா, கேலி செய்தாரா?

இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மதிய உணவு வேளையில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், நம் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள் என்று முகம் மாறாமல் சொன்னார். நான் பதறியதும், 'ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்' என்று சிரித்தார். காலை வாரிவிட்டதை ஒருவர் நேரிலேயே ஒப்புக்கொள்கிறாரே என்று அன்று முழுக்க மனம் வெந்தது. தமிழில் காலை வாருவது நம்பியவரைக் கவிழ்ப்பது; ஆங்கிலத்தில் காலை இழுப்பது விளையாட்டாகச் சீண்டுவது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் என் குறிப்பேடு தொடங்கியது.

தாய்மொழியில் அப்படியே இணை இருக்கும் தொடர்கள் சீக்கிரம் வசப்படும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் நம் 'அத்தி பூத்தாற்போல'. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை இன்று ப்ளூ மூன் என்கிறார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அது வரும். 'பீஸ் ஆஃப் கேக்' என்பது அல்வா சாப்பிடுவது போன்ற சுலபமான வேலை. ஆனால் அல்வா 'கொடுத்தால்' கதையே வேறு அல்லவா? ஆங்கிலமும் அப்படித்தான். 'கோல்டு ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் துணிச்சல் போய்விடுவது. 'கோல்டு ஷோல்டர்' என்றால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது. எனவே ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருள் தேடாமல், தொடரை முழுதாக, கேட்ட சூழலோடு எழுதிவைப்பது நல்லது.

அடுத்து, தொடர் எந்தத் தொழிலில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கிரிக்கெட் தெரிந்த தமிழர்களுக்கு இங்கே பாதி வேலை முடிந்துவிடும். ஆடுகளத்தை மழைக்கு மூடிவைக்காத காலத்தில், நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்லவே முடியாது, மட்டையாளர் திணறுவார். இக்கட்டில் இருப்பவரை 'ஸ்டிக்கி விக்கெட்டில்' இருப்பதாகச் சொல்வது அதனால்தான். 'நாக்டு ஃபார் சிக்ஸ்' என்று கேட்டதும் சிக்ஸர் அடித்த மகிழ்ச்சி என்று தோன்றும். இல்லை, பேசுபவர் அடி வாங்கிய பக்கம் நிற்கிறார். செய்தி அவரை நிலைகுலைய வைத்துவிட்டது.

திடுக்கிட்டுப் போவதைச் சொல்லும் 'டேக்கன் அபேக்' கடலிலிருந்து வந்தது. எதிர்பாராமல் முன்புறமிருந்து அடிக்கும் காற்று, பாய்களைப் பாய்மரத்தோடு அழுத்திக் கப்பலைத் திகைத்து நிற்கவைக்கும். ஒருவருக்குச் சேர வேண்டிய பெயரை இன்னொருவர் தட்டிச் செல்வதைச் சொல்லும் 'ஸ்டீலிங் மை தண்டர்' நாடக மேடை தந்தது. 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜான் டெனிஸின் நாடகம் எடுபடவில்லை. அதற்காக அவர் உருவாக்கிய இடியோசை உத்தியை அதே அரங்கு விரைவிலேயே 'மேக்பெத்' நாடகத்துக்குப் பயன்படுத்தியது. தன் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் கொதித்தார்.

கதை சுவையாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. 1999இல் உலகம் சுற்றிய ஒரு மின்னஞ்சல், கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான், கொட்டும் மழையைக் குறிக்கும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பிறந்தது என்றது. மொழி ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஒரு தொடரின் பழைய பயன்பாடுகளை ஆண்டுவாரியாகக் காட்டும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் பார்ப்பது பாதுகாப்பு.

பொருள் தெரிந்தாலும் இடம் தெரிய வேண்டும். 'கிக்டு த பக்கெட்' என்பதும் 'பாஸ்டு அவே' என்பதும் இறப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் துக்க வீட்டில் 'மண்டையைப் போட்டார்' என்று நாம் சொல்வோமா? என் குறிப்பேட்டில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார்கள் என்று ஒரு வரி இருக்கும்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இடறியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ஓர் அவசரக் குறிப்பை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். உடனே விவாதிக்க வேண்டும் என்பது அவர்கள் பொருள். அமெரிக்கர்களுக்கு அதே சொல், தள்ளிவைப்பது. இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே என்று புரிவதற்குள் நீண்ட வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு கேட்பதற்கு எனக்குக் கூச்சமில்லை. கூட்டத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், "இன்றைக்கே பேசவா, பிறகு பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுகிறேன்.