நல்ல நோட்டும் கள்ள நோட்டும்

மாணவியரே, ரூபாய் நோட்டின் தாள் பருத்தியால் ஆனது. ஆகவே சாதாரணக் காகிதத்தைவிட உறுதியானது. 2016-இல் வெளியான 500 ரூபாய் நோட்டை மூன்று வகையில் சோதிக்கலாம்.

1. வெளிச்சத்தில் பிடியுங்கள்: வலப்பக்க வெற்றிடத்தில் காந்தியடிகளின் நீர்க்குறி உருவமும் 500 என்ற எண்ணும் தெரியும்.

2. சாய்த்துப் பாருங்கள்: பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும்.

3. விரலால் தடவுங்கள்: காந்தியடிகளின் படமும், பார்வையற்றோருக்காக இரு ஓரங்களிலும் இட்ட ஐந்து கோடுகளும் மேடாகத் தட்டுப்படும். பழைய நோட்டில் இம்மேடு தேய்ந்திருக்கலாம். எனவே மற்ற இரண்டையும் பாருங்கள்.

கள்ள நோட்டு என்று தெரிந்தும் அதைக் கீரை விற்கும் அம்மாவின் தலையில் கட்டுவது சட்டப்படி குற்றம். அவருடைய ஒரு நாள் உழைப்பையே பறிப்பதுமாகும். வங்கியில் கொடுத்தால் முத்திரையிட்டு வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் கிடைக்காது. ஆயினும் நட்டம் நம்மோடு நிற்கட்டும்.