மூலத்தைக் காப்போம், நகலில் வேலை செய்வோம்
வீடியோப் படத்தொகுப்பில் இடைநிலை கோடெக்: இளைஞர் குழுக்களுக்கான ஒரு பாடம்

பாடத்தின் நோக்கம்: கூடிய தரத்தில் எடுத்த வீடியோவைச் சாதாரணக் கணனியில் தடையின்றி ஓட்டவும் வெட்டி ஒட்டவும் உதவும் முறையை விளங்கிக்கொள்ளல், மூலப் பதிவை இழக்காமல் காக்கும் வழக்கத்தைக் குழுவில் ஏற்படுத்தல்.

ஒரு கூத்துப் பதிவின் கதை

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன் காமன் கூத்தை வீடியோவில் பதிவு செய்தார்கள். கமரா வாங்கப் பணமில்லை. மூன்று பேரிடம் நல்ல கையடக்கத் தொலைபேசிகள் இருந்தன. அவற்றில் உள்ளதிலேயே கூடிய தரமான 4கே தரத்தில் இரவு முழுவதும் பதிவு செய்தார்கள். படம் அருமையாக வந்திருந்தது.

மறுவாரம் பழைய மடிக்கணனி ஒன்றில் அதைத் தொகுக்க உட்கார்ந்தபோது சிக்கல் தொடங்கியது. இரண்டு செக்கன் ஓடும், பிறகு உறையும். தப்பு அடிக்கும் கை ஓரிடத்தில் நிற்க, ஓசை வேறிடத்தில் கேட்கும். மூன்று இரவுகள் போராடிய பின் ஒருவர், பதிவுகளைத் தொலைபேசிச் செய்தி வழியாக அனுப்பினால் அளவு சுருங்கும் என்றார். அப்படியே செய்து, அந்தச் சிறிய பிரதிகளைக் கொண்டு படத்தை முடித்தார்கள். தொலைபேசியில் இடம் போதாமையால் மூலப் பதிவுகளை அழித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு கூத்து வாத்தியார் காலமானார். அவருடைய வீட்டார் ஒரு படம் கேட்டார்கள். முகத்தைப் பெரிதாக்கியபோது கண்ணும் வாயும் கட்டங்கட்டமாக உடைந்தன. நல்ல பதிவு எவரிடமும் இருக்கவில்லை.

இளைஞர்கள் சோம்பேறிகளாக இருக்கவில்லை. வேலையில் ஒரு படி அவர்களுக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவுதான். அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். எனக்கும் அன்று அது தெரியாது. அந்தப் படியைத்தான் இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. கணனி ஏன் திணறுகிறது?

4கே படம் ஒன்றில் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள் உள்ளன. மொத்தம் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். இது சாதாரண எச்டி படத்தைப் போல நான்கு மடங்கு. செக்கனுக்கு 30 படங்கள் என்றால், எதையும் சுருக்காமல் முழு நிறத்தோடு சேமிக்க ஒரு செக்கனுக்கே சுமார் 750 மெகாபைட் வேண்டும். ஆனால் ஐபோன் போன்ற தொலைபேசி ஒரு முழு நிமிடத்தையே சுமார் 170 மெகாபைட்டில் அடக்கிவிடுகிறது. அதாவது 250இல் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிச் சுருக்கவும், பார்க்கும்போது மீண்டும் விரிக்கவும் உதவும் கணக்கு முறைக்கே கோடெக் என்று பெயர். தொலைபேசிகள் பெரும்பாலும் பாவிப்பவை 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய இரண்டுமே.

இவ்வளவு சுருக்கம் எப்படிச் சாத்தியமாகிறது? நமக்குத் தெரிந்த செக்ரோலை வைத்து விளங்கிக்கொள்வோம். கிளாக்கர் ஒருவர் முதலாம் திகதி மட்டும் வேலைக்கு வந்த எல்லாப் பெயர்களையும் முழுமையாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் திகதி, "நேற்றுப் போலவே, இருவர் வரவில்லை, ஒருவர் புதிது" என்று மட்டும் எழுதுகிறார். மூன்றாம் திகதியும் அப்படியே. ஏடு மெல்லியதாக இருக்கும். ஆனால் 19ஆம் திகதி யார் யாருக்குப் பேர் விழுந்தது என்று கேட்டால் என்ன செய்வார்? முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

எச்.264, எச்.265 முறைகளும் இப்படித்தான் எழுதுகின்றன. இடையிடையே ஒரு முழுப்படம்; மற்றவற்றில் முந்திய படத்திலிருந்து மாறியவை மட்டும். சில படங்களுக்குப் பின்னால் வரும் படத்தையும் பார்த்தே கணக்குப் போட வேண்டும். தொடக்கத்திலிருந்து நேராக ஓட்டிப் பார்த்தால் இது சுலபம். படத்தொகுப்பிலோ நாம் நேராகப் போவதில்லை. முன்னே தாவுகிறோம், பின்னே வருகிறோம், நடுவில் வெட்டுகிறோம், இரண்டு மூன்று பதிவுகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கணனி முழுப்படத்தைத் தேடிப் போய்க் கணக்கை மீண்டும் தொடங்குகிறது. திணறல் அங்கேதான் பிறக்கிறது.

2. இடைநிலை கோடெக் என்றால் என்ன?

ஒவ்வொரு நாளுக்கும் எல்லாப் பெயர்களையும் முழுமையாக எழுதிய செக்ரோலை நினைத்துப் பாருங்கள். ஏடு தடிப்பாகும். ஆனால் எந்தத் திகதியைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும். இடைநிலை கோடெக் இப்படிப்பட்டது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவே சுருக்குகிறது. பக்கத்துப் படத்தைக் கேட்பதில்லை. அளவு கூடுகிறது, கணனியின் வேலை குறைகிறது.

அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டி 2004இல் வந்தது. 4கே போன்ற பெரிய படங்களுக்கான டிஎன்எக்ஸ்எச்ஆர் 2014இல் வந்தது. அப்பிள் நிறுவனத்தின் புரோரெஸ் 2007இல் வந்தது. இவை தொழில்முறைப் படத்தொகுப்பில் பரவலாகப் பாவிக்கப்படுகின்றன.

இடைநிலை என்று ஏன் சொல்கிறோம்? பச்சைக் கொழுந்தை நேரே ரோலரில் போடுவதில்லை. காற்றில் வாட்டிப் பக்குவப்படுத்திய பிறகே முறுக்குகிறோம். வாட்டிய கொழுந்து பச்சைக் கொழுந்தும் அல்ல, தேயிலையும் அல்ல. வேலைக்கு ஏற்ற நிலை. அதுபோல, கமராவிலிருந்து வந்த மூலத்துக்கும் மக்கள் பார்க்கும் முடிந்த படத்துக்கும் இடையில் நிற்பது இந்தப் பிரதி. ஒன்றை மறக்கக் கூடாது: மாற்றுவதால் படத்தின் தரம் கூடாது. மூலத்தில் இல்லாத தெளிவை எந்தக் கோடெக்கும் கொண்டுவராது.

3. பழைய வழக்கமே

இந்த யோசனை புதியதன்று. பிலிம் காலத்தில் படத்தொகுப்பாளர் நெகட்டிவைத் தொடமாட்டார். அதிலிருந்து ஒரு வேலைப் பிரதி எடுத்து அதையே வெட்டுவார், ஒட்டுவார். எல்லாம் முடிந்த பிறகு, பிலிம் ஓரத்தில் அச்சான எண்களைப் பார்த்து, அதே இடங்களில் நெகட்டிவை ஒரு முறை மட்டும் வெட்டுவார்கள். பிரதி கிழிந்தால் இன்னொன்று எடுக்கலாம். நெகட்டிவ் கிழிந்தால் போனது போனதுதான்.

இன்று நமக்கு மூலக் கோப்புதான் நெகட்டிவ். கோப்பின் பெயர்தான் ஓரத்து எண். ஆகவே மூலக் கோப்பின் பெயரை இடையில் மாற்றக் கூடாது. மாற்றினால் கணனிக்குப் பிரதி எது, மூலம் எது என்று பொருத்தத் தெரியாது.

4. இரண்டு வழிகள்: எது நமக்கு?

முதல் வழி, மூலத்தை அதே அளவில் இடைநிலை கோடெக்காக மாற்றித் தொகுப்பது. இரண்டாம் வழி, புரொக்சி எனப்படும் சிறிய பிரதியை எடுத்து அதில் தொகுத்து, கடைசியில் மூலத்தோடு இணைப்பது. எதைத் தெரிவு செய்வது என்பதை இடம்தான் தீர்மானிக்கும். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் ஒரு மணி நேரப் பதிவுக்குத் தேவையான இடத்தைப் பாருங்கள்:

எச்.265இல் 4கே மூலம்: சுமார் 10 கிகாபைட்.
புரோரெஸ் 422இல் அதே 4கே அளவு: சுமார் 265 கிகாபைட்.
புரோரெஸ் 422இல் எச்டி அளவு: சுமார் 66 கிகாபைட்.
புரோரெஸ் புரொக்சியில் எச்டி அளவு: சுமார் 20 கிகாபைட்.

மூன்று தொலைபேசிகள் ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் பதிவு செய்தால் மொத்தம் 12 மணி நேரம். மூலம் சுமார் 120 கிகாபைட். முதல் வழியில் போனால் 3,000 கிகாபைட்டுக்கும் மேல் வேண்டும். புரொக்சி என்றால் 240 கிகாபைட் போதும். 500 கிகாபைட் உள்ள மடிக்கணனிக்கு எது பொருந்தும் என்பது தெளிவு.

வேகத்தையும் பாருங்கள். 4கே அளவிலான புரோரெஸ் 422 செக்கனுக்குச் சுமார் 74 மெகாபைட் கேட்கும். மூன்று பதிவுகளை ஒன்றாக ஓட்டினால் 220. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைட்தான் தரும். கணனியின் மூளைக்கு இருந்த சுமை டிஸ்க்குக்கு மாறியதே மிச்சம். ஆகவே நீண்ட பதிவுகளுக்குப் புரொக்சியும், குறுகிய பதிவுகளுக்கும் அடுத்துச் சொல்லப்போகும் இரவுப் பதிவுகளுக்கும் எச்டி அளவிலான இடைநிலைப் பிரதியும் நமக்கு ஏற்றவை.

5. இரவுப் பதிவில் ஒரு பொறி

வெளிச்சம் குறைந்தால் பல தொலைபேசிகள் தாமாகவே செக்கனுக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் வந்ததும் கூட்டும். பந்த வெளிச்சத்தில் ஆடும் கூத்தில் இது அடிக்கடி நடக்கும். படத்தொகுப்பு மென்பொருள் சீரான எண்ணிக்கையை எதிர்பார்ப்பதால் தப்பின் ஓசையும் கையின் அடியும் விலகிப் போகின்றன.

இத்தகைய பதிவுக்குப் புரொக்சி மட்டும் போதாது. கடைசியில் மூலத்தோடு இணைக்கும்போது விலகல் திரும்பவும் வரக்கூடும். ஆகவே, அந்தப் பதிவுகளை மட்டும் முதலிலேயே சீரான எண்ணிக்கையுள்ள இடைநிலைப் பிரதியாக மாற்றி, முடிவு வரை அதையே பாவியுங்கள். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். ஷொட்கட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய பதிவைக் கண்டால் மாற்றலாமா என்று தானே கேட்கும்.

6. செய்முறை

(அ) பதிவுக்கு முன் எல்லாத் தொலைபேசிகளிலும் ஒரே தரத்தையும் ஒரே பட எண்ணிக்கையையும் தெரிவு செய்யுங்கள்.

(ஆ) பதிவு முடிந்ததும் மூலத்தைக் கேபிள் வழியாக நேரே பிரதி செய்யுங்கள். செய்தி வழியாக அனுப்பாதீர்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் ஏற்றி, ஒவ்வொரு கோப்பும் இறுதி வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே தொலைபேசியில் அழியுங்கள்.

(இ) ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனிக் கோப்புறை. அதன் பெயரில் திகதி, இடம், பதிவு செய்தவர் ஆகியவற்றை எழுதுங்கள்.

(ஈ) முதலில் இரண்டு நிமிடப் பதிவை மட்டும் மாற்றி, படமும் ஓசையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 12 மணி நேரத்தையும் மாற்றிய பின் பிழை கண்டால் மனம் வெறுத்துவிடும்.

(உ) புரொக்சி தயாரிக்கும் வசதி கேடென்லைவ், ஷொட்கட், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆகிய மூன்றிலும் உண்டு. பழைய கணனியில் இது நேரம் எடுக்கும். இரவில் ஓட விட்டுத் தூங்கலாம். மின்சாரம் நின்றாலும் தாங்குமாறு பற்றரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(ஊ) தொகுப்பு முடிந்து இறுதிப் படத்தை வெளியெடுக்கும்போது, புரொக்சியிலிருந்து அல்லாமல் மூலத்திலிருந்து எடுக்கும்படி அமைத்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இதை மறந்தால் பட்ட பாடெல்லாம் மங்கலான படத்தில் முடியும்.

(எ) இறுதிப் படத்தில் இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று இடைநிலை கோடெக்கில், வைப்புக்காக, மற்றது எச்.264இல், ஊராருக்குக் காட்டுவதற்காக. புரொக்சிகளை இனி அழிக்கலாம். மூலத்தை அழிக்கக் கூடாது.

7. ஏன் இவ்வளவு பாடு?

இறம்பொடையிலிருந்து கீழே பார்த்தால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் அதன் பணி முடிந்தபோது பல கிராமங்கள் நீருக்குள் போயின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. உயிர்களோடு வீட்டுப் படங்களும் புதைந்தன. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். முன்னோர் நடந்த பாதையை எழுத்திலும் படத்திலும் தேட வேண்டியிருந்ததற்குக் காரணம், அன்று நம்மவர் கையில் பதிவு செய்யும் கருவி இருக்கவில்லை.

இன்று கருவி கையில் இருக்கிறது. லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, ஒப்பாரியும் தாலாட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாயி இன்னும் நம்மோடு இருக்கிறார். அவரைப் பதிவு செய்வது ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பதிவை முப்பது ஆண்டுகள் காப்பது ஒழுங்கின் வேலை. மலைநாட்டு ஈரமும் பூஞ்சணமும் பழைய வீடியோ நாடாக்களைத் தின்றதை நாம் கண்டிருக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற விதியைக் கைக்கொள்ளுங்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்றவற்றோடும் தொடர்பு வைத்துக்கொள்ளலாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் தோட்டத்தில் இதுவரை எடுத்த வீடியோக்களின் மூலப் பதிவுகள் இப்போது எங்கே உள்ளன? எத்தனை பிரதிகள் உள்ளன?

2. செக்ரோல் உதாரணத்தைக் கொண்டு, மூலக் கோப்புக்கும் இடைநிலைப் பிரதிக்கும் உள்ள வேறுபாட்டைப் புதிய அங்கத்தவர் ஒருவருக்கு விளக்குங்கள்.

3. உங்கள் குழுவின் கணனியில் எவ்வளவு இடம் மிச்சமுண்டு? ஆறு மணி நேர 4கே பதிவுக்கு எந்த வழி பொருந்தும்? கணக்கிட்டுக் காட்டுங்கள்.

4. அடுத்த ஆண்டு இல்லாமற் போகக்கூடிய எதை இவ்வாண்டே பதிவு செய்ய வேண்டும்? மூவரின் பெயரை எழுதி, யார் எப்போது போய்க் கேட்பது என்று இன்றே தீர்மானியுங்கள்.