பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதி முடித்து மண்டபத்தை விட்டு வெளியே வரும் மாணவிக்கு, மறுநாள் காலையில் செய்வதற்கென்று ஒன்றும் இருப்பதில்லை. பதின்மூன்று வருடங்கள் பாடசாலை மணிக்கு எழுந்து நடந்தவளுக்கு முதலில் அது இன்பமாகத்தான் இருக்கும். ஆனால் பெறுபேறு வெளிவர மாதங்கள் செல்லும். வந்த பிறகும் இஸட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று இன்னும் பல மாதங்கள். இந்த இடைவெளியில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகின்றன. "கலியாணம் பேசும் வரைக்கும் வீட்டில் இருக்கட்டுமே" என்று யாராவது சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. படிப்பதா, தொழில் பார்ப்பதா என்பது ஒவ்வொருவரும் தம் பெற்றோருடன் பேசி முடிவெடுக்க வேண்டிய விடயம். எதை முடிவெடுத்தாலும், அதற்குரிய தாள்கள் கையில் இல்லாவிட்டால் அந்த முடிவால் பயனில்லை.

ஆகவே முதலில் ஒரு கோவை வாங்குங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, சாதாரண தரச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், தமிழ்த்தினப் போட்டியிலும் மீலாத் போட்டியிலும் கிடைத்த சான்றிதழ்கள் யாவும் அதற்குள் வரட்டும். மூலப் பிரதிகளைத் துளையிடாமல் பிளாஸ்டிக் உறைகளில் இடுங்கள். அழகாக இருக்கிறதென்று லெமினேட் செய்துவிட வேண்டாம். அந்தத் தாளில் பின்னர் எந்த அலுவலகமும் ஒரு முத்திரை குத்தவோ கையொப்பமிடவோ முடியாது. ஒவ்வொன்றிலும் மூன்று நிழற்பிரதிகள் எடுத்து வேறாக வைத்துக்கொண்டால், அவசரத்துக்குக் கடை தேடி ஓடத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். அது பழசாகிவிடும். தேவைப்படும்போது எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் பெற வேண்டும். அதற்கு ஒருநாள் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையை அடுக்கிய அன்றே இன்னொரு வேலை செய்ய வேண்டும். எல்லாச் சான்றிதழ்களையும் பாயில் பரப்பி வைத்து உங்கள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். நம்முடைய பெயர்கள் அரபிலிருந்து வந்தவை. அவற்றைத் தமிழில் ஒருவிதமாகவும், சிங்களத்தில் இன்னொருவிதமாகவும், ஆங்கிலத்தில் எழுதுபவரின் விருப்பப்படியும் எழுதிவிடுகிறார்கள். வாப்பாவின் பெயரிலுள்ள முஹம்மத் ஓரிடத்தில் ஒரு 'எம்' கொண்டும், இன்னோரிடத்தில் இரண்டு 'எம்' கொண்டும் இருக்கும். பாத்திமா ஒரு சான்றிதழில் முழுதாக இருப்பாள், மற்றதில் வெறும் 'எப்' என்ற முதலெழுத்தாகச் சுருங்கியிருப்பாள். பிறப்பத்தாட்சியில் இருக்கும் உம்மு என்பது அடையாள அட்டையில் காணாமலே போயிருக்கும். நேர்முகப் பரீட்சைக்குச் சென்று உட்கார்ந்த பிறகு, "இது நீங்கள்தானா?" என்று அதிகாரி கேட்கும்போது இதைக் கண்டுபிடிப்பதை விட, இப்போதே கண்டுபிடிப்பது நல்லது. சிறிய எழுத்து வேறுபாடானால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் அதை ஏற்பார்கள். பிறப்பத்தாட்சியிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது ஆறுதலாக நடக்கும் வேலை. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களை விட அதற்கு ஏற்ற காலம் கிடைக்காது.

அரச வேலைகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் வருகின்றன. மூன்று மொழிகளிலும் வெளியிடுவதால் நாம் தமிழிலேயே படிக்கலாம். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. எனினும் பலர் அதைப் படிப்பதில்லை. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு வரிகளைப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். அந்த நான்கு வரிகளில் வயதெல்லை இருக்கும், சம்பளம் இருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கான காரணங்கள் இருக்காது. அவை முழு அறிவித்தலில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. ஏ4 தாளின் இரு பக்கமும் பயன்படுத்த வேண்டும், இத்தனையாம் இலக்கம் வரை முதற்பக்கத்தில் வரவேண்டும், பரீட்சையின் பெயரைத் தமிழுக்கு மேலதிகமாக ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பரீட்சையின் பெயரைக் குறிக்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். தோற்றும் மொழியைப் பின்னர் மாற்ற முடியாது என்றும் பெரும்பாலும் இருக்கும். இப்போது பல விண்ணப்பங்கள் இணையவழியாகவும் கோரப்படுகின்றன. அப்போதும் அறிவித்தலை முழுமையாகப் படிக்கும் வேலை குறையாது. இறுதித் திகதி என்பது தபாலில் இடும் திகதியல்ல, அவர்கள் கையில் கிடைக்க வேண்டிய திகதி என்பதையும் மறக்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். இந்த விடயத்தில் கயிறு என்பது பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டும் விண்ணப்பத்தின் நிழற்பிரதியும்தான்.

நாற்பது தாள் கொப்பி ஒன்றை எடுத்து, எங்கே விண்ணப்பித்தோம், எந்தத் திகதியில், எந்தப் பதவிக்கு, என்ன பதில் என்று எழுதி வாருங்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வரும்போது "எந்த வேலை?" என்று நாம் திருப்பிக் கேட்கும் நிலை வராது.

தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பும் சுயவிபரக் கோவை இரண்டு பக்கங்களைத் தாண்டத் தேவையில்லை. பதினேழு பதினெட்டு வயதில் நமக்கு அனுபவம் என்று ஒன்றுமில்லையே என்று மனம் தளரவும் வேண்டாம். மாணவத் தலைவியாக இருந்தது, நூலகத்தில் உதவியது, வீட்டில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அனுபவமே. ஆனால் செய்யாததை எழுதக் கூடாது. அது பொய் என்பதோடு, முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டும் விடும். வேலை தருவதற்கு முன்பே பதிவுக் கட்டணம், சீருடைப் பணம் என்று கேட்பவர்களிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊழியர் சேமலாப நிதி பற்றியும் கேளுங்கள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்பட, தொழில் தருபவர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் நம்மிடம் 3,200 ரூபாய் கழிபடும், அவர் 4,800 ரூபாயும் 1,200 ரூபாயும் போடுவார். "நீ இன்னும் பயிற்சியில்தானே இருக்கிறாய், நிரந்தரமான பிறகு பார்ப்போம்" என்று சில கடைகளில் சொல்வதுண்டு. தகுதிகாண் காலத்திலும் இந்த உரிமை உண்டு என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வணிகப் பிரிவு மாணவிகள் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இனி சாப்பாடு. பரீட்சை முடிந்ததும் நாம் முதலில் கைவிடுவது காலை உணவைத்தான். பத்து மணிக்கு எழும்பி, ப்ளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும். வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளோ பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி, பத்தரைக்கு ஒரு ரோல்ஸில் பசியாறுகிறார்கள். களைப்பு, தலைச்சுற்று, எதையும் பிடித்துச் செய்ய முடியாத சோம்பல் இவற்றுக்குப் பின்னால் இரத்தச்சோகையும் இருக்கலாம். பெண்களுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரும்புச்சத்துக்கு விலை கூடிய உணவு தேவையில்லை. கௌப்பி, பருப்பு, முருங்கையிலை, நெத்தலி, கிழமைக்கு ஒருநாள் கொஞ்சம் ஈரல் அல்லது மாட்டிறைச்சி போதும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் இலகுவில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே விட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வல்லாரைச் சம்பலுக்கு உம்மா தேசிக்காய் பிழிவது ருசிக்காக மட்டுமல்ல. அதற்கு நேர்மாறாக வேலை செய்வது சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர். அதிலுள்ள டெனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேநீரை விடச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும்.

வேலைக்குச் செல்பவர்கள் இரவிலேயே கௌப்பியை ஊறவைத்துவிடுங்கள். காலையில் அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு, கட்டா சம்பலுடன் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டால் பத்தரை மணி ரோல்ஸின் காசு மிஞ்சும்.