கடைசிப் பக்கத்துக் கணக்கு எண்

அன்புக் கண்ணம்மா,

உன் அகராதி நிரலுக்கு நன்கொடை கேட்டுப் பக்கம் போட்டிருக்கிறாய் என்று அக்கா சொன்னதும் திறந்து பார்த்தேன். பொத்தானைத் தொட்டவுடன் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஜாவாஸ்கிரிப்ட் என் கணினியில் இறங்கி ஓடியது. அதை முடக்கினேன், பொத்தானும் வேலை செய்யவில்லை.

உன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் தந்திருக்கிறாய். உனக்கு நூறு ரூபாய் தர வருகிறவர் மட்டும், தான் படிக்க முடியாத நிரலை ஓடவிட்டே ஆக வேண்டுமா? இதைத்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2009-இல் ஜாவாஸ்கிரிப்ட் பொறி என்று எழுதினார்.

கணியம் அறக்கட்டளையைப் பார். அவர்களுடைய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மின்னூல்களின் கடைசிப் பக்கங்களில் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, ஒரு கியூஆர் படம், அவ்வளவுதான். சில செயலிகளில் படம் வேலை செய்யாவிட்டால் கணக்கு எண்ணுக்கே அனுப்புங்கள் என்றும் எழுதியிருப்பார்கள். நூலை அச்சடித்துக் கொடுத்தால்கூட அந்தப் பக்கம் பணம் வாங்கும். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

கியூஆர் படத்துக்கும் யார் தயவும் வேண்டாம். உன் யூபிஐ முகவரி, பெயர், விரும்பினால் தொகை, இவை சேர்ந்த ஒற்றை வரி எழுத்துதான் அது. 'கியூஆர்என்கோட்' என்ற கட்டற்ற நிரலிடம் அந்த வரியைக் கொடு, படமாக்கித் தரும். அனுப்புகிறவர் கைப்பேசியில் இருக்கும் யூபிஐ செயலி பெரும்பாலும் மூடிய நிரல்தான். அது உன் கையில் இல்லை. கணக்கு எண் தராமல் யூபிஐ என்ற ஒரு வழியை மட்டும் திறந்துவைப்பதுதான் தவறு.

ஒரு எச்சரிக்கை. நாளை அறக்கட்டளையாகப் பதிவு செய்தால், வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

தாத்தாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். பேத்தியின் அகராதிக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்ப வேண்டுமென்று டவுன்ஷிப் வங்கியிலிருந்து நெஃப்ட் படிவம் வாங்கி, பெயரும் தொகையும் எழுதி வைத்துவிட்டார். கணக்கு எண் கட்டம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் போட்டதும் சொல், அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
மாமா
வட்டம் 18, நெய்வேலி