கருவறை இல்லாத கோயில்

ஜப்பானின் நாரா மாநிலத்தில், சகுராய் நகரில், சுகி எனப்படும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த மிவா மலை உள்ளது. உயரம் 467 மீட்டர். அதன் அடிவாரத்திலுள்ள ஓமிவா ஆலயத்திற்குச் செல்லும் நம் நாட்டவர் முதலில் திகைப்பர்: அங்கே கருவறை இல்லை, விக்கிரகமும் இல்லை. 1664-இல் நான்காம் தொக்குகாவா ஷோகுன் இயெத்சுனா புதுப்பித்த வழிபாட்டு மண்டபமும், அதன் பின்னே மூன்று வாயில்கள் இணைந்த மரத் தோரணமும் உண்டு. அதற்கப்பால் மலை. மலையே தெய்வத்தின் திருமேனி.

ஷிண்டோ நெறிக்கு நிறுவனர் இல்லை. வேதம் போன்ற பிரமாண நூலும் இல்லை. ஆதலின் தத்துவ நூலைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். அங்கே வழக்கமே சாஸ்திரம். மலை நெடுங்காலம் எவரும் ஏறாத் தலமாக இருந்தது. இன்று ஏற விரும்புவோர் துணை ஆலயமான சாயியில் பெயர் பதிந்து, வெண்ணிற நாடா அணிந்து ஏறலாம். மலைமீது உண்பதும் படம் எடுப்பதும் கூடா.

இத்தெய்வத்தின் பெயர் ஓமோனோநுஷி. 712-இல் தொகுக்கப்பட்ட கோஜிகி நூல் ஒரு கதை கூறுகிறது. இரவுதோறும் வந்து மறையும் பேரழகன் யாரென அறிய, ஒரு பெண் அவன் ஆடை ஓரத்தில் நூல் கோத்த ஊசியைக் குத்தி வைக்கிறாள். காலையில் நூல் கதவின் சாவித்துளை வழியே வெளியேறி, மிவா மலை ஆலயத்தை அடைந்திருக்கிறது! வீட்டில் எஞ்சியவை மூன்று சுருள்களே. 'மி' என்றால் மூன்று, 'வா' என்றால் வளையம். பின்னாளில் சுஜின் மன்னன் காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது, அவள் வழிவந்த ஓதாதானேகோ பூசை செய்ய, நோய் தணிந்தது என்பர்.

தெய்வம் பாம்பு வடிவில் வருவதாக நம்பிக்கை. எனவே முதிய சுகி மரத்தடியில் முட்டையும் அரிசி மதுவும் படைக்கிறார்கள். மது நிவேதனம் நமக்கு உறுத்தலாம். ஆனால் ஓமோனோநுஷி மது வடிப்போரின் காவல் தெய்வம். நவம்பர் 14-இல் அவர்கள் இங்கே கூடுகிறார்கள். சுகி இலைக் கொத்தாலான பசும் உருண்டை அவர்களது கடைவாயிலில் தொங்கும்.

முன்பு இங்கே பௌத்தமும் உடன் வாழ்ந்தது. ஆலயத்தை ஒட்டிய தைகோரின்-ஜி என்னும் பௌத்த ஆலயத்தில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பதினொரு முக அவலோகிதேசுவரர் திருவுருவம் இருந்தது. பாரதத்தில் தோன்றி, சீனம் வழியே சென்ற மூர்த்தி அது. 1868-இல் புதிய மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்குமாறு ஆணையிட்டது. பல நூற்றாண்டுகள் ஒன்றாக வணங்கிய மக்களிடம் எவரும் கேட்கவில்லை. மூர்த்தி தெற்கேயுள்ள ஷோரின்-ஜிக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1951-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. பழைய மண்டபம் இடிக்கப்படவில்லை. அதில் இப்போது ஓதாதானேகோவை வழிபடுகிறார்கள்.