கௌப்பியும் சொசேஜும்: ஒரு இரவுச் சாப்பாடு



அலவத்துகொட கடைத்தெருவுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது சொசேஜ்தான். வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சொசேஜை மட்டும் பொரித்துச் சோற்றோடு கொடுத்தால் காசும் போகும், உடம்பிலும் ஒட்டாது. காய்ந்த கௌப்பி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. சொசேஜில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். கொழுப்பும் உப்பும்தான் கூட. ஆகவே சத்துக்குக் கௌப்பி, வாசத்துக்குச் சொசேஜ். பிரான்ஸ் நாட்டின் தெற்கே குடியானவர்கள் வெள்ளைப் பயறு வகையோடு சொசேஜ் போட்டு மண்சட்டியில் சமைக்கும் 'கசூலே'யும் இதே கணக்குத்தான்.

ஐந்து பேருக்குக் கால் கிலோ கௌப்பி, நாலு சொசேஜ் போதும். காலையில் பிரட்டுக்குப் போக முந்தி கௌப்பியை ஊறப் போட்டிடுங்க. பின்னேரம் அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, புதுத்தண்ணியில் நன்றாக மசிய அவியுங்கள். கௌப்பிக்குப் பதிலாகச் சிவப்பு ராஜ்மா என்றால் கவனம்: அரைவேக்காட்டில் அதில் நஞ்சு இருக்கும், வாந்தி பேதி வரும். ஊறிய தண்ணியைக் கொட்டி, தளதளவென்று அரைமணி நேரமாவது கொதிக்க வேண்டும்.

சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, றம்பை, கறிவேப்பிலை வதக்கி, வட்டமாக வெட்டிய சொசேஜைச் சிவக்க விடுங்கள். தக்காளி, மிளகாய்த்தூள், நம்ம ஊர் மிளகு. (மிளகுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை.) பிறகு கௌப்பியை அவித்த தண்ணியோடு கொட்டி, ஒரு கைப்பிடியை மட்டும் மசித்துவிட்டால் குழம்பு தானாகத் தடிக்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்க, சொசேஜிலேயே உப்பு இருக்கு. இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி.

இந்தத் தேசிக்காயை விட்டுடாதீங்க. கௌப்பியிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளரும் பெண்பிள்ளைகளுக்கும் இரத்தம் ஊற இது முக்கியம். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தாலோ அந்தச் சத்தைத் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். கொழுந்து பறிக்கிற நமக்கே இதைச் சொல்லச் சங்கடம்தான், என்றாலும் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டில் சொசேஜை வாங்கிய அன்றைக்கே சமைத்துவிடுங்கள். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் வரவைக்கும் பொருட்களில் சேர்த்தது. மாதத்தில் ஒன்றிரண்டு தரம் போதும். மற்ற நாளில் இதே கறியை நெத்தலிக் கருவாடு போட்டு வைக்கலாம். கருவாட்டிலும் உப்பு உண்டு, கழுவிப் போடுங்க.